டெலிமார்க்: ரிசார்ட்டுக்கும் லிஃப்ட் இல்லாத மலைக்கும் ஒரே சோடி ஸ்கீ – எந்த அகலம், எந்த நீளம்?

ஓஸ்லோ_குளிர் கேட்டது:

வணக்கம். டெலிமார்க்குக்கு (குதியைப் பூட்டாமல், பின்முழங்காலை மடித்துத் திரும்புகிற ஸ்கீ முறை) முதல்முறையாகச் சொந்தமாக ஸ்கீ வாங்கப் போகிறேன். இதுவரைக்கும் வாடகைதான்.

உயரம் 174 செ.மீ., நிறை 72 கிலோ. குதி பூட்டின அல்பைன் ஸ்கீயில் மிகக் கடினமான கறுப்புச் சரிவு வரை பிரச்சினை இல்லை. டெலிமார்க் திருப்பம் அதற்கு அடுத்த சிவப்புச் சரிவில் ஒழுங்காக வரும், ஆனால் இறுகின பனியில் பின்கால் வழுக்கிக்கொண்டு போகும். கிழமை நாட்களில் ஓஸ்லோவின் திரிவான், வார இறுதியில் நூரெஃபியெல் அல்லது கௌஸ்தாப்ளிக் ரிசார்ட். ஈஸ்டர் விடுமுறையில் யோத்துன்ஹெய்மன் மலைகளில் ஸ்கின் (பலகையின் அடியில் ஒட்டுகிற, பின்னுக்கு வழுக்காத பட்டை) ஒட்டி ஏறி இறங்க வேண்டும். ஆக, முக்கால்வாசி லிஃப்ட், கால்வாசி நடை. சப்பாத்து ஸ்கார்ப்பா டிஎக்ஸ் ப்ரோ, என்டிஎன் அடி (மூன்று ஊசித் துளை இல்லாத புதிய வகை).

கண்ணில் பட்டவை நாலு:

1. நடு அகலம் 84 மி.மீ., பிஸ்ட் (இயந்திரம் சமப்படுத்தின சரிவு) ஸ்கீ, ஒரு பலகை 2 கிலோவுக்குக் கிட்ட.
2. நோர்டிகா என்ஃபோர்சர் 94, உள்ளே இரண்டு டைட்டனால் (அலுமினியக் கலவை) தகடு.
3. 106 மி.மீ. டூரிங் (நடந்து ஏறி இறங்குகிற) ஸ்கீ, ஒரு பலகை 1400 கிராம்.
4. பழைய சாமான் விற்கிற ஃபின் இணையத்தளத்தில் ஒரு பழைய சோடி: 190 செ.மீ., மூன்று ஊசி பைண்டிங்கும் (சப்பாத்தைப் பலகையில் பிடிக்கிற பூட்டு) கேபிளும் பூட்டினபடி. விலை மிகக் குறைவு.

எதை எடுக்கலாம்? கடையில் கேட்டால் அல்பைன் கணக்கிலேயே பதில் சொல்கிறார்கள். பைண்டிங்கை எங்கே பூட்டுவது என்பதிலும் ஆளுக்கொரு கதை.

---

பின்கால் எழுதியது:

கடைக்காரர் அல்பைன் கணக்குச் சொல்வது முழுப் பிழை என்று இல்லை. முன்காலைப் பொறுத்தவரை அது சரிதான். டெலிமார்க்கில் முன்கால் கிட்டத்தட்ட அல்பைன் மாதிரியே வேலை செய்யும்: குதி கீழே, முழுப் பாதம் பலகையில், எந்த ஸ்கீயும் அதற்குச் சம்மதிக்கும். பின்கால்தான் மறுத்துப் பேசும். அதனால் நாலு ஸ்கீயையும் பின்காலுக்குக் கீழே வைத்துப் பாருங்கள்.

பின்காலில் குதி தூக்கி இருக்கும். நிறை முழுக்க விரல் அடியில் இருக்கிற மேட்டினால்தான் இறங்கும். விளிம்பைச் சாய்க்கிற விசையும் சப்பாத்தின் மடிப்பைத் தாண்டி அதே மேட்டினால்தான் போக வேண்டும். ஸ்கீயின் விளிம்பு காலின் நடுக்கோட்டில் இருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு எதிர்ப்பு கூடும். 84 மி.மீ. என்றால் 42, 106 என்றால் 53. கட்டிப்பனியில் அந்த 11 மி.மீ. கணுக்காலை நடுங்க வைக்கும். பின்கால் வழுக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பங்கு பழக்கக் குறைவு. மறுபங்கு வாடகை ஸ்கீயின் அகலமாகவோ விறைப்பாகவோ இருக்கலாம்.

கணக்கு இப்படி. பிஸ்ட் மட்டும் என்றால் 75–85. உங்கள் மாதிரிக் கலப்புப் பாவனைக்கு 88–96. அதற்கு மேலே 100–110 என்பது ஆழப் பொடிப்பனி அடிக்கடி விழுகிற இடங்களுக்கு. தென்னோர்வேயின் கிழக்குப் பக்கம் அப்படி இல்லை. காற்று அழுத்தின பனி, உருகி இறுகின பனி, மேலே ஓடு கட்டின ஸ்காரே, இதுதான் கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே மூன்றாவதை விடுங்கள். ஸ்காரேயில் குறுக்கே ஏறும்போது 106 மி.மீ. பலகை விளிம்பில் நிற்காமல் திருகும், கால் சோரும்.

இரண்டாவது நல்ல ஸ்கீ. ஆனால் உங்களுக்கில்லை. இரண்டு டைட்டனால் தகடு இருந்தால் பலகை வளைய நல்ல அழுத்தம் வேண்டும். முன்கால் கொடுக்கும். பின்காலில் விழுவது பழகினவருக்கே பாதி நிறைதான், பழகாதவருக்கு மூன்றில் ஒன்று. அந்த நிறைக்கு அது வளையாது. வளையாத பலகை பனியில் கோடு கீறாது, பக்கவாட்டில் சறுக்கும். 85–90 கிலோ நிறையும் வேகமும் உள்ளவர்கள் அதே ஸ்கீயை டெலிமார்க்கில் சந்தோசமாக ஓட்டுவார்கள். 72 கிலோவுக்கு மரக் கரு, தகடு இல்லாமல் அல்லது பைண்டிங்குக்குக் கீழே மட்டும் தகடு உள்ளது பொருத்தம்.

கடையிலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனை:

முதலாவது, இரண்டு பலகையையும் அடியோடு அடி சேர்த்து, நடுவில் கட்டை விரலாலும் மற்ற விரல்களாலும் அழுத்துங்கள். ஒரு கையால் சிரமமில்லாமல் இடைவெளி மூட வேண்டும். இரண்டு கையாலும் நெரிக்க வேண்டியிருந்தால் அந்தக் கேம்பர் (பலகையின் நடு மேலெழும்பி நிற்கிற வளைவு) பின்காலுக்கு இறங்காது. பலகை மூக்கிலும் வாலிலும் மட்டும் நிற்கும், காலுக்குக் கீழே விளிம்பு பனியைத் தொடாது.

இரண்டாவது, வாலை நிலத்தில் ஊன்றி, மூக்கை ஒரு கையால் உங்கள் பக்கம் இழுத்து, மற்றக் கையால் நடுவைத் தள்ளுங்கள். முன்பாதி ஒரே வட்டமாக வளைய வேண்டும். ஓரிடத்தில் கீல் போட்ட மாதிரி மடிந்தால் வேண்டாம். வாலையும் அப்படிப் பாருங்கள். வால் மூக்கை விடக் கொஞ்சம் விறைப்பாக இருக்கலாம், ஆனால் மிக விறைத்த வால் திருப்பத்தின் முடிவில் பின்பலகையை விடாது. கால் மாற்றுகிற நேரம் அது பிடித்துக்கொண்டால் அடுத்த திருப்பம் பிந்தும்.

பக்கவளைவின் ஆரம் 16–19 மீ. நல்லது. 13–14 மீ. உள்ள ஸ்லாலோம் வகை ஸ்கீயில் பின்பலகை உள்ளே கொக்கி போட்டு முன்பலகைக்குக் கீழே நுழையப் பார்க்கும். உங்கள் முதலாவது தெரிவு 84 மி.மீ. என்றாலும் ஆரத்தையும் பாருங்கள். பிஸ்ட் ஸ்கீகள் கனக்க அந்தக் குறுகின ஆரத்தில்தான் வருகின்றன.

நீளம்: டெலிமார்க் நிலையில் ஒரு கால் முன்னுக்கும் ஒரு கால் பின்னுக்கும் போவதால் முன்பின் சமநிலை ஏற்கெனவே நீண்டு இருக்கிறது. ஆகவே அல்பைனில் எடுப்பதை விட நீளமாக எடுக்கத் தேவையில்லை. உங்களுக்கு 171–178. மூக்கில் மட்டும் ராக்கர் (முனை மேலே வளைந்திருப்பது) என்றால் 172 போதும், வாலிலும் ராக்கர் இருந்தால் 178. செங்குத்தான ஏற்றத்தில் திசை மாற்ற ஒரு பலகையைத் தூக்கித் திருப்பும்போது, குதி சுதந்திரமாக இருப்பதால் வால் தொங்கும். நீளம் கூடினால் அங்கே அவதி.

நிறை: இதிலே கனபேர் டூரிங் விளம்பரங்களில் மயங்குவார்கள். ஒரு பலகை 1200–1300 கிராம் என்றால் ஏற்றம் சுகம். ஆனால் இறக்கத்தில் நிறை குறைவாக விழுகிற பின்பலகை ஒவ்வொரு பனிக்கட்டியிலும் துள்ளும். அல்பைனில் வருகிற துள்ளலை விட இது மோசம், ஏனென்றால் அதை அமத்திப் பிடிக்கக் குதி இல்லை. 1500–1750 கிராம் உங்களுக்கான இடம். பிளாக் குரோஸ் கமாக்ஸ், எலான் ரிப்ஸ்டிக் 96, ஃபோல்க்ல் பிளேஸ் 94, அமெரிக்கச் சரக்கு கிடைத்தால் வோய்லே வெக்டர், இந்த இனம். பெயரைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம். ஒரே பெயரில் சில வருடத்துக்கொருமுறை உள்ளே வேறு கட்டமைப்பு வரும். மேலே சொன்ன இரண்டு சோதனையையும் செய்துவிட்டு எடுங்கள்.

நாலாவதுக்குப் பதில் சுருக்கம். உங்கள் என்டிஎன் சப்பாத்து மூன்று ஊசி பைண்டிங்குக்குள் போகாது. அங்கேயே கதை முடிந்தது.

---

துளைக்கருவி எழுதியது (சால்ட் லேக் சிட்டி):

மேலே நண்பர் சொன்னதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லைங்க. பைண்டிங் பத்தி மட்டும் எழுதறேன், ஏன்னா ஸ்கீயும் பைண்டிங்கும் தனித்தனி முடிவு இல்லை.

முதல்ல வகை. 75 மி.மீ. அடி, அதாவது வாத்து அலகு மாதிரி முன்னால நீண்டு மூணு ஊசித் துளை இருக்கிற பூட், அது பழைய நார்டிக் நார்ம். 2007-ல ராட்டஃபெல்லா கொண்டுவந்தது என்டிஎன். இதுல கேபிள் குதியைச் சுத்தி வராது, பாதத்தோட நடுவுக்குக் கீழ இருக்கிற ரெண்டாவது உதட்டைப் பிடிச்சு இழுக்கும். உங்களுக்குப் பொருந்துறது ராட்டஃபெல்லா ஃப்ரீரைட், 22 டிசைன்ஸ் அவுட்லா எக்ஸ், அதே கம்பெனியோட லிங்க்ஸ், ஃபிரான்ஸ்ல செய்யற மெய்ஜோ. லிங்க்ஸுக்கும் மெய்ஜோவுக்கும் பூட்டோட மூக்குல ரெண்டு பக்கமும் உலோகக் குழி வேணும், டூரிங் பூட்ல இருக்குமே அதேதான். உங்க ஜோடியில இருக்கான்னு பார்த்துக்கோங்க. இல்லைன்னா அவுட்லா எக்ஸ் பக்கம் போயிடலாம்.

முக்கால்வாசி லிஃப்ட்டுன்னா அவுட்லா எக்ஸ் உறுதியான தேர்வு. லிங்க்ஸ் ஒரு காலுக்கு அரைக் கிலோவை ஒட்டி வரும், அவுட்லா அதைவிடக் கால் கிலோவுக்கு மேல கனம். நடக்கும்போது வித்தியாசம் எடையில மட்டும் இல்லை, சுழல் அச்சு இருக்கிற இடத்துலயும் இருக்கு. குழியும் ஊசியும் உள்ள வகையில கால்விரல் நுனிக்குக் கீழயே அச்சு வரும், நடை நீளும்.

இப்ப ஸ்கீயோட இதுக்கு என்ன சம்பந்தம்? குதி ஏற ஆரம்பிச்ச உடனே ஸ்பிரிங் இறுகி, பின்பலகையோட மூக்கை பைண்டிங் கீழ அழுத்தும். சிலது சீக்கிரமே அழுத்தும், சிலது மெதுவா. சீக்கிரம் அழுத்துற பைண்டிங் இருந்தா கொஞ்சம் விறைப்பான, 96 மி.மீ. ஸ்கீயையும் பின்கால் சமாளிக்கும். மந்தமான பைண்டிங்னா ஸ்கீ மென்மையா இருக்கணும். ரொம்ப இறுக்கமா ஸ்பிரிங் வெச்சா பொடிப்பனியில பின்பலகை மூக்கு உள்ள முங்கிடும். அப்ப ஸ்கீயைக் குறை சொல்லாதீங்க, ஸ்பிரிங்கை ரெண்டு சுத்து தளர்த்திப் பாருங்க.

எங்க பூட்டுறது: என்டிஎன்னுக்கு பூட்டோட பக்கவாட்டுல நடுக்கோடு இருக்கும், ஸ்கீ மேலயும் நடுக்குறி இருக்கும். ரெண்டையும் நேரா வைங்க, இல்லைன்னா 1 செ.மீ. பின்னால. அதுக்கு மேல பின்னால போனா முன்பலகை திருப்பத்தைத் தொடங்க மறுக்கும். முன்னால நகர்த்தவே வேண்டாம். பின்கால்ல எடை ஏற்கனவே விரல் மேட்டுல, நடுக்கோட்டுக்கு முன்னாலதான் விழுது.

பழைய விதி ஒண்ணு காதுல விழுந்திருக்கும்: மூக்குலேர்ந்து வால் வரைக்கும் நேர்கோட்டுல அளந்து, பாதியில ஊசி வரிசை வரணும்னு. அது நேரான, நீளமான ஸ்கீ காலத்து 75 மி.மீ. விதி. ஊசி வரிசைக்கும் பூட் நடுவுக்கும் 13–15 செ.மீ. இருக்கும். அந்தக் கணக்குப்படி பூட்டினா பூட் நடு அவ்வளவு தூரம் பின்னால போயிடும். இப்ப வர்ற ஸ்கீகள்ல கம்பெனி வெக்கிற குறி, நடுப்பாதியிலேர்ந்து 8–11 செ.மீ. பின்னாலதான் இருக்கு. ரெண்டு முனையும் மேல வளைஞ்ச பார்க் ஸ்கீன்னா 2–5 செ.மீ. தான். அந்த மாதிரி ஸ்கீயை டெலிமார்க்குக்கு எடுக்காதீங்க. வாங்கறதுக்கு முன்னாடி கடையிலயே டேப் வெச்சு அளந்துடுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

துளை போடறது. கடையில கொடுத்தாலும் இதெல்லாம் கேளுங்க, டெலிமார்க் ஜிக் (துளை இடத்தைக் காட்டற சட்டம்) இல்லாத கடை நிறைய.

ஸ்கீ மேல, நடுப்பகுதியில, 3.6 × 9 அல்லது 4.1 × 9 மாதிரி எழுதியிருக்கும். முதல் எண் துளை விட்டம், ரெண்டாவது ஆழம், ரெண்டும் மி.மீ. பொதுவா உலோகத் தகடு இருந்தா 4.1, இல்லைன்னா 3.5 அல்லது 3.6. அந்தக் குறிப்பை மீறாதீங்க. ஆழத் தடுப்பு உள்ள ஸ்கீ பிட் மட்டும். சாதாரண பிட்ல டேப் சுத்தி ஆழம் வெச்சா ஒரு துளை கண்டிப்பா ஆழமாப் போகும், அடிப்பக்கம் சின்னக் கொப்புளம் தெரியும், அப்புறம் மெழுகு போடற ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துட்டே இருக்கணும்.

துளை இடம் காட்டற காகித அச்சு ஒட்டறதுக்கு முன்னாடி ஸ்கீயோட நடுக்கோட்டை முன்னால ஒரு இடம், பின்னால ஒரு இடம் அளந்து குறிங்க. அச்சை அச்சடிக்கும்போது அளவு நூறு சதவீதத்துல வந்திருக்கான்னு ஸ்கேல் வெச்சுப் பாருங்க, பிரிண்டர் சுருக்கிடும். துளைக்கு மேல எழும்பி நிக்கிற பிசிறைக் கத்தியால சீவணும், இல்லைன்னா தகடு சமமா உட்காராது. உலோக ஸ்கீன்னா 12ஏபி அளவு மரை வெட்டுற கருவியால துளைக்குள்ள மரை வெட்டணும். அல்பைன்ல மரப்பசை போதும், டெலிமார்க்குக்கு மெதுவா இறுகற எபாக்ஸி. திருகெல்லாம் போசிட்ரைவ் 3 தலை. பிலிப்ஸ் திருப்புளி போட்டா தலை மழுங்கிடும். கையால இறுக்குங்க, மின் திருப்புளி வேண்டாம். குறுக்குக் குறுக்கா மாத்தி மாத்தி இறுக்கி 24 மணி நேரம் விடுங்க. முதல் நாள் ஓட்டினதும் ஒரு தடவை சரிபாருங்க.

கழட்டணும்னா எபாக்ஸி விடாது. சால்டரிங் அயர்னைத் திருகுத் தலையில ஒரு நிமிஷம் வெச்சா சூட்டுல இளகும்.

எது கெடும்? திருகுதான். முட்டி மடிஞ்சு முன்னால விழும்போது பூட் பெரிய நெம்புகோலா மாறி திருகை மேல இழுக்கும். அல்பைன்ல அந்தத் திசையில இவ்வளவு விசை வராது. லேசான டூரிங் ஸ்கீயில வலுவூட்டின பகுதி, பூட் குழியில ஊசி மாட்டற டூரிங் பைண்டிங்குக்கு ஏத்த மாதிரி குட்டையா இருக்கும். நீளமான என்டிஎன் பைண்டிங்கோட முன்திருகு அதுக்கு வெளியே போயிடலாம். 1400 கிராம் ஸ்கீ வாங்குறவங்க கம்பெனிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும்: வலுவூட்டல் எங்க தொடங்கி எங்க முடியுது? டெலிமார்க் பூட்டினா உத்தரவாதம் செல்லுமான்னும் கேட்டுக்கலாம், சிலது செல்லாது.

ரெண்டு ஜோடி ஸ்கீக்கு ஒரே பைண்டிங்னா எஃகு இன்சர்ட் (உள்ளே மரையுள்ள சின்னக் குழாய்) போட்டு எம்5 திருகால மாத்திக்கலாம். ஆனா ஏற்கனவே துளை இருக்கிற ஸ்கீயில புதுத் துளை பழசுலேர்ந்து நடுவுக்கு நடு 1 செ.மீ. தள்ளி இருக்கணும்.

---

கிழக்குச்சரிவு எழுதியது:

பின்கால் அண்ணை சொன்ன 88–96-இல் நான் கீழ்ப்பக்கத்தைப் பிடிக்கிறேன். கேள்வியைத் திரும்ப வாசியுங்கோ: முக்கால்வாசி லிஃப்ட், அதிலும் கிழமை நாளில் திரிவான். அது செயற்கைப் பனி, இரவு விளக்கு, மழை பெய்து உறைந்த பிஸ்ட். அங்கே 96 என்பது தேவையில்லாத சுமை. 88–90 எடுத்தால் திரிவானில் பின்கால் பிடிக்கும். ஈஸ்டரில் யோத்துன்ஹெய்மனில் காலையில் ஸ்காரே, மத்தியானம் சோளப்பொரி மாதிரி இளகின பனி, இரண்டிலும் 88 தாராளம். 96-க்கு அர்த்தம் வருவது சுன்மூரே, லூங்கென் மலைப் பக்கம் பெப்ரவரி, மார்ச்சில் போகிறவர்களுக்கு. அவர் அங்கே போகிறேன் என்று எழுதவில்லை.

கௌஸ்தாப்ளிக்குக்குப் பக்கத்தில் இருக்கிற கௌஸ்தாதொப்பன் மலையின் 1883 மீ. உச்சியில் இருந்து இறங்குகிற ஆசை இருந்தாலும் இதே பதில். மலைக்குள்ளாலே போகிற ரயில் உங்களைக் களைப்பில்லாமல் மேலே விட்டுவிடும். இறங்குகிற பக்கம் காற்று சீவின கட்டிப்பனியும் இடைக்கிடை கல்லும். அங்கே விளிம்புதான் சோறு போடும்.

நாலாவது தெரிவைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. கனபேர் இதிலே மாட்டுப்படுகிறதாலே சொல்கிறேன். நோர்வேயில் மூன்று ஊசி பைண்டிங்கோடு விற்கிற பழைய சோடியில் பாதி, டெலிமார்க் ஸ்கீ இல்லை, ஃபியெல்ஸ்கீ. குடிலில் இருந்து குடிலுக்குப் பொதியோடு நடக்கிற பலகை. நடு அகலம் 55–68 மி.மீ. மெழுகு போடும் இடம் பனியில் தொடாமல் இருக்க நடுவில் உயர்ந்த கேம்பர். ஒஸ்னெஸ் இங்ஸ்டாட், ராப் 68 எல்லாம் இந்தக் குடும்பம். ராப் 68 கொஞ்சம் இறக்கத்துக்குச் சாய்ந்தது. இவற்றில் டெலிமார்க் திருப்பம் போடலாம், போடுகிறார்கள், அழகாகவும் போடுகிறார்கள். ஆனால் பின்பலகையின் கேம்பரைப் பாதி நிறையால் தட்டையாக்க முடியாது. பிஸ்டில் பழக இது சரிவராது. விளம்பரத்தில் அகலம் போடவில்லை என்றால் விற்கிறவரிடம் மூன்று இடத்தில் அளந்து கேளுங்கோ.

பழசு வாங்கினால் பார்க்க வேண்டியது: விளிம்பில் குறுக்கு வெடிப்பு இருந்தால் சமாளிக்கலாம், பக்கச்சுவரில் இருந்து விளிம்பு பிரிந்து நின்றால் வேண்டாம். பைண்டிங்குக்கு முன்னாலே மேற்பரப்பு மேடு தட்டியிருந்தால் உள்ளே தண்ணீர் போய் மரம் உப்பியிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் புதுத் திருகு பிடிக்காது. பழைய துளைகளை எண்ணுங்கோ. மூன்றாவது தரம் துளைத்த சோடி இனாமாகத் தந்தாலும் தொடாதேங்கோ.

இனி யாரும் எழுதாத ஒன்று. டெலிமார்க் பைண்டிங்குகளில் பெரும்பாலானவை அல்பைன் பைண்டிங் போல உறுதிப்படுத்தின அளவில் கழன்றுவிடாது. சிலது பக்கவாட்டில் கழலும், எத்தனையில் கழலும் என்று எண் போட்டுச் சொல்ல முடியாது. முழங்காலுக்கு இது ஒரு விஷயம். பனிச்சரிவில் இன்னும் பெரிய விஷயம்: கழலாத பலகை ஆளை உள்ளே இழுக்கும். 30 பாகைக்கு மேலே உள்ள சரிவுக்கும், அதற்குக் கீழே சரிந்த பனி வந்து விழுகிற இடத்துக்கும் போகிறதானால், அகலக் கணக்குக்கு முதல் நோர்வேயின் பனிச்சரிவு எச்சரிக்கைத் தளமான வார்சோமில் அந்தப் பிரதேசத்து அபாயப் படியைப் பாருங்கோ. லிஃப்ட் இருக்கிற இடத்தில் பிரேக் அல்லது காலோடு கட்டுகிற வார் ஒன்று வேண்டும், பலகை தனியே ஓடினால் கீழே நிற்கிறவருக்கு ஆபத்து. மலையில் வாரைக் கட்டாதேங்கோ. ஆகவே பிரேக் உள்ள பைண்டிங்கே வாங்குவது சுகம்.

---

பின்கால் எழுதியது:

கிழக்குச்சரிவு சொன்ன 88-ஐ மறுக்கவில்லை, திரிவான் நாட்கள்தான் கூட என்றால் அது சரி. ஆனால் ஒன்று. 88 மி.மீ. அகலத்தில் வருகிற ஸ்கீகளில் கனக்க பிஸ்டை நோக்கினவை, உலோகம் போட்டவை, 1900 கிராமுக்கு மேல். 92–95-க்கு வந்தால்தான் 1600 கிராம் சுற்றி, தகடு இல்லாத மரக் கருவில் தெரிவு கூடும். அகலத்தில் 5 மி.மீ. விட்டுக்கொடுத்து நெகிழ்வை வாங்குவது இவருக்கு லாபம். 88-இலேயே மென்மையான ஒன்று கிடைத்தால் அதை எடுக்கட்டும்.

---

ஓஸ்லோ_குளிர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அளந்து பார்த்ததில் கடையில் ஒரு 92 மி.மீ. அகப்பட்டது. 174 செ.மீ., ஒரு பலகை 1620 கிராம், ஆரம் 17 மீ., நடுக்குறி பாதியில் இருந்து 9 செ.மீ. பின்னால். ஒரு கையால் அழுத்தினால் கேம்பர் மூடுகிறது. சப்பாத்தின் மூக்கில் குழி இருக்கிறது.

மிச்சம் இரண்டு கேள்வி. அதே ஸ்கீ பெண்களுக்கான பெயரில் 172 செ.மீ.-இல் பாதி விலைக்கு நிற்கிறது. எடுக்கலாமா? ஸ்கின், பிரேக், ஸ்காரேயார்ன் (கட்டிப்பனியில் ஏறும்போது பைண்டிங்கில் மாட்டுகிற பற்கள்) என்ன அளவு?

---

துளைக்கருவி எழுதியது:

பெண்கள் மாடல்: பல கம்பெனியில அச்சும் கருவும் ஒண்ணேதான், மேல் வண்ணம் மட்டும் வேற. அப்படின்னா யோசிக்காம எடுங்க. சில கம்பெனியில கரு லேசா, நடுக்குறி 1 செ.மீ. வரைக்கும் முன்னால. ரெண்டு ஜோடியையும் தராசுல வெச்சுப் பாருங்க. ஒரு பலகைக்கு 100 கிராமுக்குள்ள வித்தியாசம்னா 72 கிலோவுக்கு ஒண்ணும் ஆகாது, டெலிமார்க்குக்கு அந்த மென்மை நல்லதுகூட. குறி முன்னால இருந்தா அந்த 1 செ.மீ.யைப் பின்னால தள்ளிப் பூட்டுங்க. அதைவிட அதிகமா லேசா இருந்தா உங்க முதல் தேர்வுக்கே போயிடுங்க.

பிரேக் 92 மி.மீ. பலகைக்கு 95 அல்லது 100. 15 மி.மீ.க்கு மேல வெளிய நீண்டா விளிம்புல நிக்கும்போது பனியில உரசும், முட்டி மடக்கும்போது மத்தப் பலகையிலயும் தட்டும்.

---

கிழக்குச்சரிவு எழுதியது:

ஸ்கின்: மூக்கின் ஆகக் கூடிய அகலத்துக்கு வாங்கி, இரண்டு பக்கமும் 2 மி.மீ. விளிம்பு தெரிகிற மாதிரி வெட்டுங்கோ. விளிம்பை மூடினால் ஸ்காரேயில் குறுக்கே நடக்கும்போது பிடிக்காது. கூட வெட்டினால் ஏற்றத்தில் வழுக்கும். மோஹேரும் (ஆட்டு மயிர்) நைலோனும் கலந்தது யோத்துன்ஹெய்மனின் நீண்ட தட்டைப் பள்ளத்தாக்குகளுக்கு நல்லது. தனி நைலோன் ஏறும், சறுக்காது. வால் வட்டமாக மேலெழும்பி இருந்தால் பின்கொக்கி நழுவும், தட்டையான அல்லது பள்ளம் வெட்டின வால் உள்ளதா என்று பாருங்கோ.

ஸ்காரேயார்ன் பைண்டிங்கைப் பொறுத்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் பூட்டுகிற முறை வேறு, அல்பைன் டூரிங்குக்கு விற்கிறது எல்லா டெலிமார்க் பைண்டிங்கிலும் அப்படியே ஏறாது. பைண்டிங் வாங்கும்போதே அதற்குரியதைக் கேட்டு, பலகையின் நடு அகலத்தை விட 3–8 மி.மீ. கூடின அளவாக எடுங்கோ. ஈஸ்டருக்குக் கிட்டப் போய்த் தேடினால் கடையில் இருக்காது.